இதயத்துக்கு எத்தனை அறை? மீன் முதல் மனிதன் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் தமிழ் மொழிமூலம் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளும், சில வேளை அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும், வகுப்பு முடிந்த பிறகு கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். "மீனுக்கு இரண்டு, தவளைக்கு மூன்று, முதலை தவிர்ந்த ஊர்வனவுக்கு முழுமையாகப் பிரியாத மூன்று, பறவைக்கும் நமக்கும் நான்கு" என்ற வாய்ப்பாடு எல்லோருக்கும் தலைகீழ்ப்பாடம். அது பிழையில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் இந்தப் பாடத்தின் அழகு முழுவதும் கைநழுவிப் போய்விடும். அறைகளை எண்ணுவதற்கு முன், குருதி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எவ்வளவு அழுத்தத்தில் போகிறது என்று கேட்டுப் பழகுங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த ஒரு பழக்கத்துக்காகத்தான்.

சொற்களை முதலில் சரிசெய்து கொள்வோம். குருதியை வாங்கிக்கொள்ளும் மெல்லிய சுவருள்ள அறை சோணையறை. அதை வெளியே தள்ளும் தடித்த சுவருள்ள அறை இதயவறை. இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுபோகும் குழாய் நாடி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய் நாளம்.

மீனின் இதயத்தில் உண்மையில் இரண்டே அறைகள்தானா?

பரீட்சைக்கு இரண்டு: ஒரு சோணையறை, ஒரு இதயவறை. நேரில் பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு பகுதிகள் வரிசையாக இருக்கும். உடலிலிருந்து திரும்பும் குருதி முதலில் நாளக்குடா என்ற மெல்லிய பையில் சேரும். பிறகு சோணையறை, அதன்பின் இதயவறை, கடைசியில் வெளிவாசல். சுறா, திருக்கை போன்ற கசியிழைய மீன்களில் அந்த வெளிவாசல் தானும் சுருங்கக்கூடிய, உள்ளே வால்வுகள் கொண்ட நாடிக்கூம்பு. பாரை, சூரை போன்ற என்பு மீன்களில் அது மீள்தன்மை மிகுந்த நாடிக்குமிழ். இந்தக் குமிழ் தானாகத் துடிக்காது. இதயவறை தள்ளும்போது விரிந்து, பிறகு மெல்ல ஒடுங்கி, செவுளுக்குள் குருதி ஒரேயடியாகப் பாயாமல் சீராகப் போகச் செய்கிறது. செவுளில் உள்ள மயிர்த்துளைக்குழாய்கள் அவ்வளவு மெல்லியவை. அவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டும்.

குருதி இதயத்திலிருந்து செவுளுக்கும், செவுளிலிருந்து நேரே உடலுக்கும் போய், மீண்டும் இதயத்துக்கு வருகிறது. ஒரு சுற்றில் இதயத்தை ஒரே ஒரு தடவைதான் தொடுகிறது என்பதால் இதை ஒற்றைச் சுற்றோட்டம் என்கிறோம்.

மீனின் இதயத்துக்குள் ஒட்சிசன் குறைந்த குருதி மட்டும்தான் போகிறது என்றால், அந்த இதயத் தசைக்கு ஒட்சிசன் யார் கொடுப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கேட்கும் பிள்ளை உண்மையாகவே யோசித்திருக்கிறாள் என்று தெரிந்துவிடும்.

பல மீன்களின் இதயவறைச் சுவர் உள்ளே கடற்பஞ்சு மாதிரி துளைகள் நிறைந்தது. உடலெல்லாம் சுற்றிக் களைத்து வரும் குருதியில் மிஞ்சியிருக்கும் ஒட்சிசனை அந்தத் துளைகளின் வழியே நேரடியாக உறிஞ்சிக்கொண்டு தசை வேலை செய்கிறது. அதாவது உடல் முழுவதும் சாப்பிட்டு முடித்த பிறகு கடைசிப் பந்தியில் உட்காருவது இதயம்தான். வேகமாக நீந்தும் மீன்களுக்கு இந்த மிச்சம் போதாது. ஆகவே சூரை, கெலவல்லா போன்றவற்றில் இதயவறைக்கு வெளிப்புறமாக அடர்த்தியான தசைப்படை ஒன்று உண்டு. அதற்கு, இதயத் தசைக்கே குருதி ஊட்டும் முடியுருநாடிகள் செவுளிலிருந்து புதுக் குருதியைக் கொண்டுவருகின்றன.

இதற்கு நேரெதிரான ஓர் உதாரணமும் உண்டு. அந்தாட்டிக் கடலில் பனிமீன்கள் என்றொரு குடும்பம் இருக்கிறது. வளர்ந்த மீன்களின் குருதியில் ஈமோகுளோபின் கிடையாது, அதனால் குருதி நிறமற்றது. உறைநிலைக் குளிரில் நீரில் ஒட்சிசன் நிறையக் கரைந்திருப்பதால் பிழைக்கின்றன. அதற்கு விலையாக, அதே அளவுள்ள வேறு மீன்களைவிடப் பெரிய இதயத்தை வைத்துக்கொண்டு, குறைந்த அழுத்தத்தில் ஏராளமான குருதியைச் சுற்ற வேண்டியிருக்கிறது. அறை இரண்டுதான். வாழும் விதம் இதயத்தின் அளவையே மாற்றிவிட்டது.

விரால் காற்றைக் குடிக்கிறதே, அதற்கு மூன்றறை இதயம் இருக்குமா?

இல்லை, அதற்கும் இரண்டறைதான். விராலும் பனையேறிக் கெண்டையும் செவுளுக்கு மேலே உள்ள ஒரு விசேட உறுப்பால் காற்றிலிருந்து ஒட்சிசன் எடுக்கின்றன. ஆனால் அந்த உறுப்பிலிருந்து வரும் நல்ல குருதி, இதயத்துக்குத் திரும்பும் சாதாரண நாளங்களிலேயே போய்ச் சேர்ந்து கலந்துவிடுகிறது. தனி வழி கிடையாது.

தனி வழி தொடங்குவதை ஆபிரிக்கா, தென்னமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய கண்டங்களில் வாழும் நுரையீரல் மீன்களில் பார்க்கலாம். அவற்றின் நுரையீரலிலிருந்து வரும் நாளம் சோணையறையின் இடப்பக்கத்துக்கு வருகிறது. அந்தச் சோணையறைக்குள் பாதிவரை ஒரு பிரிசுவரும் எழும்பியிருக்கிறது.

தவளைக்கு ஒரே இதயவறை. இரண்டு குருதியும் கலந்துவிடுமே, அது குறைபாடு இல்லையா?

இந்தக் கேள்விக்கு நான் நேரம் எடுத்துத்தான் பதில் சொல்வேன். ஏனென்றால் தவளை மேல் நாம் சுமத்தும் பழி நியாயமற்றது.

முதலாவது, நாம் நினைக்கும் அளவுக்குக் கலப்பதில்லை. வலது சோணையறைக்கு உடலிலிருந்தும், இடது சோணையறைக்கு நுரையீரலிலிருந்தும் குருதி வருகிறது. இரண்டும் ஒரே இதயவறையில் இறங்கினாலும், அதன் உட்சுவரில் உள்ள தசை முகடுகள் இரண்டு ஓட்டங்களையும் ஓரளவு விலக்கியே வைத்திருக்கின்றன. வெளிவாசலான நாடிக்கூம்புக்குள் சுருள் வடிவ வால்வு ஒன்று இருக்கிறது. ஒட்சிசன் குறைந்த ஓட்டத்தின் பெரும்பகுதி நுரையீரலுக்கும் தோலுக்கும் போகும் நாடிக்கும், நல்ல ஓட்டத்தின் பெரும்பகுதி தலைக்கும் உடலுக்கும் திரும்புவதற்கு அது உதவுகிறது.

இரண்டாவது, தவளை தோலாலும் சுவாசிக்கிறது. தோலில் ஒட்சிசன் ஏற்றிக்கொண்ட குருதி இடது சோணையறைக்குப் போவதில்லை. உடலின் நாளங்களோடு சேர்ந்து வலது சோணையறைக்குத்தான் வருகிறது. ஆகவே "வலது கெட்டது, இடது நல்லது" என்ற நம்முடைய கணக்கு தவளையிடம் செல்லாது. வலப்பக்கக் குருதியிலும் ஒட்சிசன் உண்டு.

மூன்றாவதுதான் முக்கியம். தவளை நீருக்கடியில் மூச்சை அடக்கிக் கிடக்கும்போது நுரையீரலுக்குக் குருதி அனுப்பி என்ன பயன்? அந்த வேளையில் நுரையீரல் நாடியின் தடை கூடுகிறது. குருதி தோலுக்கும் உடலுக்கும் திரும்புகிறது. சுவர் எழுப்பிப் பிரித்துவிட்ட நம்முடைய இதயத்தால் இதைச் செய்யவே முடியாது. நமது வலது இதயவறை எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவையும் இடது இதயவறை தள்ளியே ஆக வேண்டும். தவளையின் இதயத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நீரிலும் நிலத்திலும் மாறிமாறி வாழும் உயிருக்கு அதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறில்லை என்றே நான் சொல்வேன்.

கூடுதலாக ஒன்று. இத்தாலிய உடற்கூற்றியலாளர் மல்பீகி 1661ஆம் ஆண்டு நாடியையும் நாளத்தையும் இணைக்கும் மயிர்த்துளைக்குழாய்களை நுணுக்குக்காட்டியில் கண்டது தவளையின் நுரையீரலில்தான். குருதி சுற்றி வருகிறது என்று ஆங்கில மருத்துவர் ஹார்வி 1628இல் எழுதியபோது விடுபட்டிருந்த கண்ணி அது.

வெளியே எடுத்து வைத்தாலும் தவளையின் இதயம் துடிப்பது எப்படி?

துடிப்புக்கான கட்டளை மூளையிலிருந்து வருவதில்லை. எல்லா முள்ளந்தண்டுளிகளிலும் இதயத் தசையே அதைப் பிறப்பிக்கிறது. மீனிலும் தவளையிலும் அது நாளக்குடாப் பகுதியில் தொடங்குகிறது. நமக்குத் தனியாக நாளக்குடா இல்லை, ஆனால் அந்தப் பகுதி வலது சோணையறைச் சுவரோடு இணைந்துபோன இடத்தில் குடாச்சோணைக் கணு இருக்கிறது. நம் ஒவ்வொரு துடிப்பும் அங்கேதான் ஆரம்பம். ஆதர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவர் 1907இல் அதை அறிவித்தார்கள். அப்போது மருத்துவ மாணவராக இருந்த ஃபிளாக் அதை முதலில் கண்டது அகழெலி ஒன்றின் இதயத்தில்.

நரம்பு செய்வது துடிப்பைக் கூட்டிக் குறைப்பது மட்டுமே. ஓட்டோ லோவி 1921இல் இரண்டு தவளை இதயங்களை வைத்து இதைக் காட்டினார். ஒரு இதயத்தின் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து மற்றதில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்பு இரசாயனப் பொருளால் பேசுகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. 1936இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஊர்வனவின் இதயத்தை ஏன் ஒரே மாதிரி விளக்க முடியவில்லை?

ஏனென்றால் அது ஒரே மாதிரி இல்லை. ஆமை, பல்லி, பாம்பு எல்லாவற்றுக்கும் இரண்டு சோணையறைகள், ஒரு இதயவறை. ஆனால் அந்த ஒரு இதயவறைக்குள் தசை முகடு ஒன்று எழும்பி இடத்தை மூன்றாக வகுக்கிறது. முகடு எவ்வளவு உயரம் என்பதில்தான் கதை இருக்கிறது.

ஆமையில் முகடு அவ்வளவு பெரிதில்லை. அது நீருக்குள் மூழ்கும்போது நுரையீரல் வழி நெருக்கப்படுகிறது. குருதி நுரையீரலைத் தவிர்த்துவிட்டு உடலுக்கே திரும்பச் சுற்றுகிறது. மேலே வந்து மூச்சு விட்டதும் நுரையீரலுக்கான ஓட்டம் மளமளவென்று கூடிவிடும்.

வெள்ளவத்தைக் கால்வாய் ஓரத்திலும் தியவன்னா பக்கத்திலும் நாம் அன்றாடம் பார்க்கும் கபரகொயாவின் கதை வேறு. அதுவும் அதன் இனமான உடும்பும் மற்றப் பல்லிகளைவிடச் சுறுசுறுப்பானவை. அவற்றின் குடும்பத்தில் அந்த முகடு பெரிதாக வளர்ந்திருக்கிறது. இதயவறை சுருங்கும்போது முகடு எதிர்ச் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கணத்தில் ஒரு அறை இரண்டாகிவிடுகிறது. உடலுக்கு உயர் அழுத்தத்திலும் நுரையீரலுக்குத் தாழ் அழுத்தத்திலும் குருதி போகிறது. வெட்டிப் பார்த்தால் மூன்றறை, அழுத்தத்தை அளந்து பார்த்தால் ஏறக்குறைய நான்கறை. மலைப்பாம்பிலும் இதே நிலைமைதான். வெறுமனே எண்ணுவதில் உள்ள சிக்கல் இப்போது விளங்கும்.

மலைப்பாம்பு பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய இரையை விழுங்கிய இரண்டே நாளில் பர்மிய மலைப்பாம்பின் இதயவறைத் தசை 40 சதவீதம் வரை பெருத்தது என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. பின்னர் செய்த சில ஆய்வுகளில் இதயத்தின் வேலை கூடியதே தவிர, பருமன் அப்படிக் கூடவில்லை. இணையத்தில் முதல் பாதி மட்டும்தான் பரவுகிறது. எழுதும்போது இரண்டையும் எழுதுங்கள்.

பாம்பின் நீண்ட உடலில் இதயம் எங்கே இருக்கும்?

அது எங்கே வாழ்கிறது என்பதைப் பொறுத்தது. மரத்தில் ஏறும் பாம்புகளில் தலைக்குக் கிட்ட இருக்கும். உடலை நிமிர்த்தி ஏறும்போது புவியீர்ப்புக்கு எதிராக மூளைக்குக் குருதி போக வேண்டுமல்லவா. முழுக்க நீரில் வாழும் கடற்பாம்புகளுக்கு அந்தக் கவலை இல்லை, அவற்றில் இதயம் இன்னும் நடுப்பக்கமாக இருக்கும்.

முதலைக்கு நம்மைப் போலவே நான்கறை என்கிறார்களே, அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா?

அறை எண்ணிக்கையில் ஒன்று, குழாய்களில் வேறு. முள்ளந்தண்டுளிகளின் இதயங்களில் மிகவும் நுட்பமானது எது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் முதலையினது என்பேன்.

நமக்குப் பெருநாடி ஒன்று. அது இடது இதயவறையிலிருந்து புறப்படுகிறது. முதலைக்கு இரண்டு. வலப் பெருநாடி இடது இதயவறையிலிருந்து, அதாவது நல்ல குருதியுள்ள பக்கத்திலிருந்து வருகிறது. இடப் பெருநாடியோ வலது இதயவறையிலிருந்து, நுரையீரல் நாடிக்குப் பக்கத்திலேயே புறப்படுகிறது. பெயர்களும் பக்கங்களும் குறுக்காக இருப்பதால் பிள்ளைகள் இங்கே தடுமாறுவது இயல்பு. ஒருமுறை கையால் படம் கீறிப் பாருங்கள், தெளிந்துவிடும். இரண்டு பெருநாடிகளும் இதயத்தை விட்டு வெளியேறும் இடத்திலேயே அவற்றுக்கிடையில் ஒரு சிறு துவாரம் இருக்கிறது. இத்தாலிய உடற்கூற்றியலாளர் பனிஸ்ஸா 1833இல் விவரித்ததால் அதற்குப் பனிஸ்ஸா துவாரம் என்று பெயர்.

முதலை கரையில் சாதாரணமாக மூச்சுவிடும்போது இடது இதயவறையின் அழுத்தமே அதிகம். அதனால் இடப் பெருநாடியின் வால்வு திறக்காது. வலது இதயவறையின் குருதி முழுவதும் நுரையீரலுக்குப் போய்விடும். இடப் பெருநாடியும் மற்றதிலிருந்து வரும் நல்ல குருதியால் நிரம்பியிருக்கும். அப்போது அது நம்மைப் போன்ற நான்கறை இதயம்தான்.

நிலைமை மாறும்போது, நுரையீரல் நாடியின் வாசலில் பற்சக்கரம் போன்ற முடிச்சுகள் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு வழியை நெருக்குகின்றன. இந்தப் பல் வால்வு முதலைக் கூட்டத்துக்கே உரியது. வலது இதயவறையின் அழுத்தம் ஏறுகிறது, இடப் பெருநாடியின் வால்வு திறக்கிறது, காபனீரொட்சைட்டு நிறைந்த குருதி நுரையீரலுக்குப் போகாமல் உடலுக்குப் போகிறது.

எதற்காக? நீருக்கடியில் நீண்ட நேரம் கிடக்க என்பது பழைய விளக்கம். இன்னொரு விளக்கம் 2008இல் வந்தது. இடப் பெருநாடி பெரும்பாலும் இரைப்பைக்கும் குடலுக்கும் போகிறது. காபனீரொட்சைட்டு நிறைந்த குருதி இரைப்பைக்குப் போனால் அமிலம் சுரக்க மூலப்பொருள் கிடைக்கும், எலும்போடு விழுங்கிய இரையும் சீக்கிரம் கரையும் என்பது அதன் சாரம். அதை ஏற்காத ஆய்வுகளும் உண்டு. விவாதம் முடியவில்லை.

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் முதலை அசையாமல் வெயில் காய்வதைப் பார்த்து, "சும்மா கிடக்கிறது" என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த கூட்டுக்கு நகர்ந்துவிடாதீர்கள். அந்த நெஞ்சுக்குள் நடப்பதைச் சொல்லிக்கொடுங்கள்.

இரண்டு இதயவறைகளையும் முழுதாகப் பிரித்ததால் நமக்குக் கிடைத்த இலாபம் என்ன?

"நல்ல குருதியும் கெட்ட குருதியும் கலக்காது" என்பது பாதிப் பதில். மறுபாதி அழுத்தம்.

வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். ஏழாம் மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டரின் முழு விசையையும் கீழ்த்தளத்துப் பூச்சாடிக்குத் திருப்பினால் செடி மண்ணோடு பெயர்ந்துவிடும். உடல் முழுவதற்கும் குருதி அனுப்ப நமக்குச் சுமார் 120 மி.மீ. இரச அழுத்தம் தேவை. நுரையீரலுக்கு அதில் ஐந்திலொரு பங்கு, ஏறக்குறைய 25 போதும். அதற்கு மேல் போனால் அந்த மெல்லிய மயிர்த்துளைக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து நுரையீரல் நனைந்துவிடும். இரண்டு அழுத்தங்களையும் ஒரே நேரத்தில் கொடுக்க இரண்டு தனி அறைகள் வேண்டும். இடது இதயவறைச் சுவர் வலதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிப்பாக இருப்பதன் காரணமும் இதுவே. உடல் வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ளும் பறவைகளும் முலையூட்டிகளும் எரிபொருளை மளமளவென்று செலவழிக்கின்றன. அவற்றுக்கு இந்த உயர் அழுத்தம் இல்லாமல் முடியாது.

காகத்தின் இதயத்துக்கும் நம் இதயத்துக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டும் நான்கறை. ஆனால் பறவையின் பெருநாடி வலப்புறமாக வளைகிறது, நம்முடையது இடப்புறமாக வளைகிறது. முளையத்தில் இரண்டு பக்கமும் வளைவுகள் தோன்றி, பறவையில் ஒன்றும் நம்மில் மற்றதும் எஞ்சுகின்றன. வலது சோணையறைக்கும் வலது இதயவறைக்கும் இடையிலுள்ள வால்வு நமக்கு மெல்லிய இதழ்களால் ஆனது. பறவைக்கு அந்த இடத்தில் தடித்த தசை மடல் ஒன்று இருக்கிறது. உடலின் அளவோடு ஒப்பிட்டால் பறவையின் இதயம் பொதுவாகப் பெரியது. பறப்பதற்கு அவ்வளவு தேவை. கோழிக்கு நிமிடத்துக்கு 250க்கு மேல் துடிக்கும். அமெரிக்கக் கண்டங்களின் ஓசனிச்சிட்டுக்கு 1,200 வரை போகும்.

அப்படியானால் மீன், தவளை, பல்லி, பறவை, மனிதன் என்று இதயம் படிப்படியாக முன்னேறி வந்ததுதானே?

இந்த ஏணிப் படத்தைத் தயவுசெய்து மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். இன்றைய தவளை நம் மூதாதை அல்ல. அதுவும் நம்மைப் போலவே நீண்ட காலம் பரிணமித்து வந்த ஒரு கிளையின் நுனி. பறவைகளின் நான்கறையும் முலையூட்டிகளின் நான்கறையும் வெவ்வேறாகத் தோன்றியவை. முதலையின் கிட்டிய உறவு பல்லி அல்ல, பறவை. முதலையின் முன்னோர் சுறுசுறுப்பான வெப்பக்குருதி விலங்குகளாக இருந்திருக்கலாம், நீரில் பதுங்கி வாழத் தொடங்கிய பிறகே அந்தத் திருப்பிவிடும் குழாய் அமைப்பு வந்திருக்கலாம் என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டிருக்கிறது.

பிரிசுவர் எப்படி உருவாகிறது என்பதற்கு ஒரு நல்ல துப்பு 2009இல் கிடைத்தது. டி.பி.எக்ஸ்.5 என்ற பரம்பரையலகு (ஜீன்) கோழி, எலி முளையங்களில் இதயவறையின் இடப்பக்கத்தில் மட்டும் பலமாக இயங்குகிறது. அந்த எல்லைக்கோட்டில்தான் சுவர் எழும்புகிறது. பல்லி முளையத்தில் அது இதயவறை முழுவதும் ஒரே சீராக இயங்குகிறது, சுவர் இல்லை. ஆமையில் தொடக்கத்தில் சீராக இருந்து, பிறகு இடம் வலம் என்று சற்றே வேறுபடத் தொடங்குகிறது. எலியில் அதைச் சீராக இயங்கச் செய்து பார்த்தபோது பிரிசுவர் உருவாகவில்லை. இதே பரம்பரையலகில் பழுது உள்ள மனிதருக்கும் இதயப் பிரிசுவரில் துவாரம் ஏற்படுவதுண்டு.

கருவில் நம் இதயம் முதலில் மீன் இதயமாகவும் பிறகு தவளை இதயமாகவும் இருக்குமா? "இதயத்தில் ஓட்டை" என்பது அதன் மிச்சமா?

இல்லை. கருவின் இதயம் ஒரு நேர்க் குழாயாகத் தொடங்கி, மூன்று வாரம் கடந்ததும் துடிக்க ஆரம்பித்து, வளைந்து, பிறகு சுவர்கள் எழும்பி அறைகளாகிறது. மீனின் முளையத்திலும் தொடக்கம் குழாய்தான். தொடக்கம் ஒத்திருக்கிறது என்பதற்காக நாம் ஒருபோதும் வளர்ந்த மீனின் இதயத்தைக் கடந்து வருவதில்லை.

ஆனால் பிறக்கும்வரை நமக்கும் ஒரு திருப்பிவிடும் வழி இருக்கிறது. கருவில் நுரையீரல் வேலை செய்வதில்லை, ஒட்சிசன் தாயின் சூல்வித்தகத்திலிருந்து வருகிறது. ஆகவே இரண்டு சோணையறைகளுக்கும் இடையில் நீள்வட்டத் துவாரம் ஒன்றும், நுரையீரல் நாடியிலிருந்து பெருநாடிக்கு ஒரு குறுக்குக் குழாயும் திறந்திருக்கின்றன. முதல் மூச்சோடு அழுத்தங்கள் மாறி அவை மூடத் தொடங்கும். வளர்ந்தவர்களிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அந்தத் துவாரம் முழுதாக ஒட்டாமல் இருக்கும். பெரும்பாலானோருக்கு அதனால் எந்தத் தொல்லையும் வருவதில்லை.

பிள்ளைக்குத் துவாரம் இருக்கிறது என்று டொக்டர் சொன்னதும் பதறிப்போய், தாங்கள் ஏதோ பிழை செய்துவிட்டதாக அழுத தாய்மாரைக் கண்டிருக்கிறேன். சுவர் எழும்பும் அந்தச் சில வாரங்களில் நடக்கும் வேலை மிகவும் நுட்பமானது. எங்கோ ஓர் இடைவெளி விடுபடுவது யாருடைய குற்றமும் அல்ல. சிறிய துவாரங்கள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். மற்றவற்றுக்கு கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலேயே இதய சத்திரசிகிச்சை செய்கிறார்கள்.

மிகப் பெரிய இதயம் எது? அளவு கூடினால் அமைப்பும் மாறுமா?

நீலத்திமிங்கிலத்தினது. 2014இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் ஒதுங்கிய ஒரு திமிங்கிலத்தின் இதயத்தை ரொறன்ரோவின் றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகம் பதப்படுத்தியது. நிறை சுமார் 180 கிலோ. மனித இதயமோ ஏறக்குறைய 300 கிராம். மிரிஸ்ஸவிலும் திருகோணமலையிலும் வள்ளத்தில் போய் நாம் பார்ப்பதும் இதே நீலத்திமிங்கிலத்தைத்தான். 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆழத்தில் மூழ்கும்போது அதன் துடிப்பு நிமிடத்துக்கு 2 வரை இறங்கி, மேலே வந்து மூச்சுவிடும்போது 25 முதல் 37 வரை ஏறியது.

அடிப்படை அமைப்பு மாறுவதில்லை, நான்கறைதான். ஆனால் சிறு வேறுபாடுகள் உறவைக் காட்டிக்கொடுக்கும். நம் இதயத்தின் நுனி ஒன்று. யானையின் இதயத்துக்கு நுனி பிளந்து இரண்டாக இருக்கும். மன்னார்க் கடலில் கடற்புல் மேயும் கடற்பசுவின் இதயத்துக்கும் அப்படியே பிளந்த நுனி. வாழுமிடமும் உருவமும் இவ்வளவு மாறுபட்ட இந்த இரண்டும் முலையூட்டிகளில் நெருங்கிய உறவினர். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே புதிதாகக் கேட்பது மாதிரி இருக்கும்.

மீனின் இதயம் வெட்டினாலும் திரும்ப வளரும் என்பது உண்மையா?

சீப்ரா மீனில் உண்மை. மீன் தொட்டிகளில் வளர்க்கும் அந்தச் சிறு கோடுபோட்ட மீனின் இதயவறையில் ஐந்திலொரு பங்கை வெட்டி நீக்கினாலும் இரண்டு மாதமளவில் தசை மீண்டும் வளர்ந்துவிடுகிறது என்று 2002இல் காட்டப்பட்டது. மாரடைப்புக்குப் பிறகு நமக்கு அந்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும். புதிதாகப் பிறந்த எலிக்குட்டியும் முதல் சில நாட்கள் இப்படி மீள வளர்க்கும், ஒரு வாரத்தில் அந்தத் திறன் போய்விடும். "தாழ்ந்த இதயம்" என்று நாம் ஒதுக்கும் ஒன்றிடம் உலகின் இதய ஆய்வுகூடங்கள் பாடம் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

வீட்டிலேயே இதயங்களை ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா?

முடியும், அதற்காக எந்த உயிரையும் கொல்லத் தேவையில்லை. சந்தையில் முழு மீன் வாங்கும்போது தலைப்பக்கத்தை வெட்டாமல் தரச் சொல்லுங்கள். தொண்டைக்குக் கீழே, இரண்டு செவுள்களும் சந்திக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் கருஞ்சிவப்பாக ஒரு சிறு முக்கோணம் இருக்கும். அது இதயவறை. அதன் முன்னால் வெள்ளையாகத் தெரியும் சின்னப் பேரிக்காய் வடிவம் நாடிக்குமிழ். சூரையில் இதெல்லாம் நன்கு பெரிதாகத் தெரியும்.

அப்புறம் இறைச்சிக் கடையில் ஒரு ஆட்டிதயம் வாங்குங்கள். வெட்டுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லு மாதிரி விறைப்பாக இருப்பது இடது, தொய்வாக இருப்பது வலது. பெருநாடி வெட்டுப்படாமல் இருந்தால் அதன் வழியே தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே உள்ள மூன்று பிறையுருவ மடல்களும் விரிந்து தண்ணீரைத் தடுத்து நிறுத்தும். கோழி இதயத்தைக் குறுக்காக வெட்டினால், தடித்த வட்டமான இடது அறையைச் சுற்றி வலது அறை பிறை போல ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். கையுறை போடுங்கள், முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

பரீட்சையில் படம் கீறும்போது அதிகம் விடும் பிழை எது?

இடம் வலம் மாறுவது. படத்தில் உள்ள விலங்கு நம்மைப் பார்த்தபடி நிற்கிறது, ஆகவே அதன் இடது இதயவறை தாளின் வலப்பக்கத்தில் வரும். அடுத்தது, அம்புக்குறி போடாமல் விடுவது. மீனின் படத்தில் செவுளைக் கீறாமல் இதயத்தை மட்டும் கீறினால் ஒற்றைச் சுற்றோட்டம் என்பதே விளங்காது. மூன்றாவது, தவளைக்கு நுரையீரல் மட்டும் கீறித் தோலை விட்டுவிடுவது. முதலில் உறுப்புகளை வையுங்கள், பிறகு குருதியின் வழியை அம்புக்குறியால் காட்டுங்கள், அறைச் சுவர்களைக் கடைசியாகக் கீறுங்கள்.